நாலு போதும்

...இருபதெல்லாம் முடியாது, நாலுதான், நாலு என்றால் நாலு, இதில் பேரம் பேச இதென்ன துணிக்கடையா, ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் பாதிக்குக் கேட்க, கடைசியில் இரண்டு பேரும் நடுவில் வந்து நிற்க, என்று திரையைப் பார்த்தபடியே அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் நடுவில் வந்து நின்றேவிட்டார். “சரிம்மா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பத்து போடு.” எதற்கெடுத்தாலும் சீக்கிரம் சீக்கிரம் என்பதால் அவருக்குச் சீக்கிரம் சார் என்றே பெயர், மேலாளர் என்ற பலகை கதவில் சும்மா தொங்குகிறது. அவர் அவசரத்தையும் குறை சொல்ல முடியாது... காலையில் வட்டு ஒன்று மண்டையைப் போட்டு, இரத்த வங்கியின் பதிவேட்டையும் கூடவே கொண்டுபோயிற்று. நகலிலிருந்து பதிவுகளை ஒன்று விடாமல் மெயின்ஃபிரேம் கணினிக்குள் மீட்டாயிற்று, ஆனால் எல்லாம் அவிழ்த்துக் கொட்டிய மூட்டையாகக் கிடக்கின்றன, எந்தப் பை எந்த வகை, எந்தக் குளிர்ப்பெட்டி, எப்போது காலாவதி என்று தேட இருபது அட்டவணைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அத்தனை பதிவுகளையும் புதிதாக வரிசைப்படுத்த வேண்டும், அதுவரை பதினொரு அறுவை சிகிச்சைகள் காத்திருக்கின்றன. மணி இரண்டு. நாலரைக்குள் தருவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார், யாரைக் கேட்டுக் கொடுத்தார்? நடுவில் கவிழ்ந்தால் மறுபடி முதலிலிருந்து, ஆக ஒரே ஒரு வாய்ப்பு.

இருபது அட்டவணை, ஒரே நேரத்தில் இருபது வரிசைப்படுத்தும் பணிகள், அட்டவணைக்கு ஒன்று, சட்டென்று முடிந்துவிடும், கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது... வீடு மாறியபோதும் இப்படித்தான், மாமா, சித்தப்பா, அண்ணன், அண்ணனின் நண்பர்கள் என்று ஒன்பது பேர் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு குறுகிய மாடிப்படியில் ஏறி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அரை மணி நேரம் சிக்கிக்கொண்டு நிற்க, கீழேயிருந்து அண்ணி, “அங்கயே விட்டுடுங்க, நாங்க படியிலயே துணி மாத்திக்கறோம்” என்றாளே. ஆள் குறைச்சலா அன்றைக்கு? படிதான் குறைச்சல். இங்கேயும் அதே, நினைவகம் இவ்வளவுதான், தற்காலிக வட்டு இடம் இவ்வளவுதான், இருபது பணிகளும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தால் ஒன்றுக்கும் போதாது, எண்பது சதவீதம் ஓடியபிறகு இடமில்லை என்று ஒன்று விழும், அதோடு எல்லாம் விழும். அதற்கும் மேல், மொத்தம் எத்தனை பதிவுகள் என்று வரிசைப்படுத்தும் நிரலுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் அது இடம் பிடிக்கும். புள்ளிவிவரத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் என்றிருக்கிறது, எப்போது எண்ணியது? மூன்று வருடத்துக்கு முன்னால். இப்போது உட்கார்ந்து எண்ணினால் நாற்பது நிமிடம் போகும்... தொலைபேசியை எடுத்தாள், இரத்த வங்கியில் பைகளுக்குச் சீட்டு ஒட்டும் அம்மாள் எடுத்தார். “ஒரு பைக்கு எத்தனை தடவை பதிவு போடுவீங்க?” “வரும்போது, சோதிக்கும்போது, எடம் மாத்தும்போது, போகும்போது... அது ஆகும்மா பத்து, பன்னண்டு. ஏன், எண்ணிக் குடுத்தா சம்பளம் ஏத்தப் போறீங்களா?” அவள் சிரித்தேவிட்டாள், பென்சிலை எடுத்துக் கடைசிப் பையின் வரிசை எண்ணோடு பெருக்கிப் பார்த்தாள், மூன்று கோடிக்கு ஒரு பதிவும் குறையாது. மூன்று கோடியே இருபது லட்சம் என்று அடித்தாள். ஒரே நேரத்தில் ஓடும் பணிகள், நாலு. “பத்தாவது போடேன்மா.” “சார், பத்து போட்டா நாலரைக்கு நீங்கதான் ஃபோன் பண்ணி மன்னிப்பு கேட்கணும். நாலு போட்டா நாலே காலுக்கு நான் கூப்பிடறேன்.” சொன்ன குரல் இவ்வளவு உறுதியாக எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம், இல்லை, ஆச்சரியமென்ன, எங்கேயிருந்து என்று தெரியாதா... விசையை அழுத்தினாள்.

ஓடட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மீட்பில் இருபது போட்டவள் அவளேதான், பழைய எண்ணிக்கையை அப்படியே நம்பியதும் அவள்தான், இரண்டு நாள் ஆயிற்று சரிசெய்ய. விசாரணையில் பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து, “நான் பார்த்திருக்கணும் சார்” என்றான், அவ்வளவுதான், அவனைக் காகிதக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை, யார் எதை மாற்றினோம் என்று அவனுக்கே குழப்பம் போலிருக்கிறது, என்றுதான் அன்றைக்கும் நினைத்துக்கொண்டாள், அப்புறமும் நினைத்துக்கொண்டாள், நினைக்க வசதியாக இருந்ததா? இருந்தது. பன்னிரண்டாவது அட்டவணை முடிந்தது, பதினாறு, நினைவகம் தளும்பவில்லை, நாலு நாலாக, முண்டாமல் மோதாமல்... நாலு பத்துக்குக் கடைசி அட்டவணையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சீக்கிரம் சார் மூன்று தொலைபேசிகளில் ஒரே நேரத்தில் பேசினார், பிறகு திரும்பி, “நாலுன்னு எப்படிம்மா அவ்வளவு தைரியமா சொன்னே?” என்றார். “ஒரு தடவை இருபது போட்டேன் சார்.” சொல்லியேவிட்டாள். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, “அறிக்கையைக் குடு, சீக்கிரம்” என்று நடந்தார். அச்சுப்பொறியிலிருந்து, வேலை ஓடிய விதத்தைக் காட்டும் ஓட்டப் பதிவு சுருள் சுருளாக வந்து விழுந்தது, ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், வேலையை அனுப்பியவர் என்ற இடத்தில் அவளுடைய குறியீடு, முதல் பக்கத்தில், இரண்டாவதில், நாற்பதாவதிலும். எல்லா ஓட்டத்துக்கும் அப்படித்தான் வரும். அன்றைக்கு, கவிழ்ந்த ஓட்டத்தின் இதே மாதிரிக் காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் விசாரணைக்கு வந்தான், காற்புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவன்... மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் “ஓட்டமெல்லாம் நல்லா போகுதா?” என்று கேட்பானே, ஆறு வருடமாக, அவளும் மரியாதைக்குக் கேட்கிறான் என்று “ம்” கொட்டிவிட்டு, மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு...