தாழிக்குள் சிரட்டைக்கரி

கனகராயன்குளத்துக்கு மேற்கே எங்கள் குடியேற்றத்தில் 1963இல் புது வாய்க்கால் வெட்டினார்கள். என் காணி மேட்டில் ஒரு மண்தாழி அகப்பட்டது. உள்ளே எலும்புத் துண்டுகளும் இரண்டு கைப்பிடி கரியும் கிடந்தன.

கொழும்பிலிருந்து தொல்பொருள் ஆராய்ச்சியாளர் தில்லைநாதன் வந்து பார்த்தார்.

"கரிக்குள்ள இருக்கிற ஒரு பொருள் காலம் போகப்போகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்பவேணும். ஆயிரம் வருசம் தாண்டினால் வாய்க்கால் மேட்டைச் சுத்தித்தான் போகும். திங்கட்கிழமை வாறன், ஒருத்தரும் தொடாதையுங்கோ."

வாய்க்கால் வேலையை நடத்தும் ஓவசியர் சிற்றம்பலம் சிரித்தார். "நேற்று வந்து குடியேறின ஆக்களுக்கு ஆயிரம் வருசத்துச் சட்டியோ?"

அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. மேட்டை விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வயலால் வந்தால், தாழிக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை. என் மனைவி விமலேஸ்வரி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். தேங்காய்ச் சிரட்டைக்கரித் தணலை உள்ளே கொட்டி, நன்றாகக் கிளறியும் விட்டிருந்தாள்.

"என்னடி செய்தனி?"

"செத்த சனத்தைக் கிளப்பிப்போட்டு, வெள்ளிக்கிழமை ஒரு புகைகூடக் காட்டாமல் விடுறதோ?"

"பழங்கரியோட போன மாதத்துச் சிரட்டையைக் கலந்திட்டாய்! இனி எதை அளக்கிறது?"

"எனக்கு ஆர் சொன்னது? தொடாதை எண்டியள். நான் தொடேல்லை, கொட்டினனான்."

மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை ஜீப் வந்ததும், சாம்பிராணி விசயம் கேள்விப்பட்டிருந்த சிற்றம்பலம் என் காதருகே வந்தார். "வாயை மூடிக்கொண்டிரும். கரி கரிதானே? போகட்டும்." வயது குறைந்து வந்தால் அவருக்கு வாய்க்கால் நேராகப் போகும்.

நான் உள்ளதைச் சொன்னேன். தில்லைநாதன் கரிக்கெனக் கொண்டுவந்த தகரப்பெட்டியை மூடினார்.

"சட்டியின்ர வயதை அளக்க ஏலாதோ, ஐயா?"

"சுட்ட மண்ணுக்கு இன்னும் சரியான வழி வரேல்லை. கரி இல்லாமல் என்ர கதை எடுபடாது."

ஜீப் போய்விட்டது. "இனி வெட்டுங்கோடா!" என்றார் சிற்றம்பலம்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி இன்னொரு தாழியில் பட்டது. உடைந்த விளிம்பால் உள்ளே கரி தெரிந்தது.

"நொருக்கித் தள்ளு!"

விமலேஸ்வரி வெட்டிய கிடங்குக்குள் குதித்தாள். முந்தானையால் தாழியின் வாயை மூடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"மண்வெட்டி ஓங்கிறவன்ர கையை முறிப்பன்! ஓவசியர், வந்து வெட்டுமன் பாப்பம்!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன, மரம்மாதிரி நிக்கிறியள்? அந்தக் கொழும்பு மனுசன் சந்தியில தேத்தண்ணி குடிக்காமல் போகாது. சைக்கிளை எடுங்கோ!"

"அதுக்குள்ள ஏதும் கொளுத்தினியோ, பிறகு தெரியும்!" என்று கத்திவிட்டு, ஜீப் கிளப்பிய புழுதிக்குள் மிதித்தேன்.