கேட்க மட்டும் தெரிந்த பெட்டி

பிலிமத்தலாவையில் மயில்வாகனத்தின் வீட்டுக்குப் போன எவரும் அந்த ரேடியோச் செற்றைப் பற்றிக் கேளாமல் திரும்பியதில்லை. தேத்தண்ணி வருவதற்கு முன்பே அவர் எழுந்துபோய், அதன் நடுக் குமிழை ஒரு விரலால் மெல்லச் சுண்டிவிடுவார். குமிழ் தன்பாட்டில் சுழல, கண்ணாடிக்குப் பின்னால் முள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போய் நிற்கும்.

"இருவது வருசத்துக்கு மேலை," என்பார். "ஒருக்கால் கரகரத்தது எண்டு இல்லை. இப்ப வாறதுகள் எல்லாம் பிளாஸ்டிக்கு."

அது யப்பானில் செய்த ஸ்டீரியோ ரிசீவர். பொல்கொல்லை அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் நாடு திரும்பும்போது இவருக்கு விற்றுவிட்டுப் போனது. முகப்பு முழுக்க வெள்ளிநிற அலுமினியம், உள்ளே இரும்புக் கட்டியாக ஒரு ட்ரான்ஸ்போமர். ஒருவர் தனியே தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். போட்டதும் முகப்பில் நீல வெளிச்சம் பரவி, இரண்டு பக்கமும் நின்ற ஸ்பீக்கர்களுக்கு நடுவில் பாடகர் வந்து நிற்பது போலிருக்கும். அந்த நடு இடத்துக்கு நேரே மயில்வாகனத்தின் கதிரை கிடந்தது. அதில் வேறு யாரும் இருப்பதில்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தின்போது அவரும் மனைவியும் கண்டி நகரத்தில் ஒரு மேல்மாடி வீட்டில் குடியிருந்தார்கள். வந்த கூட்டம் தளபாடங்களோடு சேர்த்துச் செற்றையும் படிக்கட்டில் உருட்டிவிட்டது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது தையல் மெசினைக் காணவில்லை, உடுப்புகளைக் காணவில்லை. செற் மட்டும் மாடிப்படியின் கீழ், நனைந்த புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. பாரத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மரப்பெட்டி பிளந்து, ஒரு மூலை நசுங்கியிருந்தது. நன்றாகக் காயவிட்டு, பயந்து பயந்து பிளக்கைச் செருகினார். நீல வெளிச்சம் வந்தது.

"எங்களோடை சேர்ந்து அடி வாங்கினது," என்று அன்றைக்குச் சொன்னார். பிறகு ஒரு தச்சனைப் பிடித்துப் பலா மரத்தில் புதுப்பெட்டி அடிப்பித்தார். அலுமாரி மட்டுமே செய்து பழகிய தச்சன். பெட்டியும் சின்ன அலுமாரி மாதிரித்தான் வந்தது.

அதற்குப் பிறகு நகரத்தில் இருக்க மனைவி இராஜேஸ்வரிக்கு மனம் வரவில்லை. பிலிமத்தலாவைச் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மஹ்மூத், தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த சிறிய வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். மயில்வாகனம் கண்டித் தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் வேலை செய்து பென்சனோடு இளைப்பாறினார். இராஜேஸ்வரி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து இளைப்பாறினாள். ஞாயிறு பின்னேரங்களில் மஹ்மூத் சாரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்திய வானொலியைப் பிடிப்பதற்காக மயில்வாகனம் கூரையிலிருந்து பலா மரம்வரை நீளமாக ஒரு செப்புக் கம்பி இழுத்திருந்தார். பொழுது சாயச் சாயப் பாட்டுத் தெளிந்து வரும்.

கண்டியில் பௌத்தரின் பெருங்கோயிலான தலதா மாளிகையில் குண்டு வெடித்த செய்தியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் செற்றிலேதான் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் சந்தியில் கடைகள் பூட்டப்பட்டன. துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டிய வான்கள் கண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இராஜேஸ்வரி குசினி யன்னலால் பலா மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கம்பியைக் கழட்டுங்கோ."

"ஏன்? அது எவ்வளவு காலமா உதிலை கிடக்குது."

"கிடந்தது சரி. இண்டைக்குப் பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நினைக்கிறவை வந்து கேக்கட்டும். போட்டுக் காட்டுறன்."

"எண்பத்து மூண்டிலை வந்தவங்கள் கேட்டுப்போட்டே வந்தவங்கள்?"

மயில்வாகனம் ஏணியை எடுத்து வைத்து ஏறினார். செப்புக் கம்பியை முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றி இறக்கி, அலுமாரிக்கு மேலே வைத்தார். அன்று பின்னேரம் இந்திய வானொலி வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. அவர் செற்றை நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் சும்மா இருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தேடுதல் வந்தது. பொலிசும் ஆமியும் ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி, தமிழர் இருக்கும் வீடு எது, புதிதாக யாராவது வந்து தங்கினார்களா என்று விசாரித்தார்கள். எதிர்வீட்டுத் திசாநாயக்க மாத்தயாவிடமும் கேட்டார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஏதாவது வித்தியாசமாகக் கண்டீர்களா என்று கேட்டதற்கு, கண்டதைச் சொன்னார்: அந்த வீட்டுக் கூரையிலிருந்து மரத்துக்கு நீளக் கம்பி ஒன்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணவில்லை.

வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். மயில்வாகனமும் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார்.

"கம்பி எங்கே?"

"அலுமாரிக்கு மேலே இருக்கிறது, சேர்."

"ஏன் கழற்றினாய்?"

"பயத்தில்."

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

மயில்வாகனம் மனைவியைப் பார்க்கவில்லை. "எனக்குத்தான் பயம் வந்தது, சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து செற்றைப் பார்த்தார். பின்பக்கத்தில் வரிசையாக இருந்த திருகாணிகளையும் வயர்களையும் பார்த்தார். "இது கடையில் வாங்கியதா?"

"உள்ளே இருப்பது வாங்கியது. பெட்டி இங்கே செய்தது."

"இங்கே செய்தது," என்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற சார்ஜன்டிடம் சொன்னார். "என்ன வேலை செய்தாய்?"

"தபால் கந்தோரில். தந்திப் பகுதி."

"மோர்ஸ் அடிக்கத் தெரியுமா?"

"அதுதானே சேர் என் வேலை."

இராஜேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றையாவது மறைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

"சேர், இது ரிசீவர்," என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "இதுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். இதை வைத்து யாருக்கும் ஒரு சொல் அனுப்ப முடியாது. போட்டுக் காட்டட்டுமா?"

"கை வைக்காதே!"

இரண்டு பொலிஸ் கொஸ்தாப்பல்மார் அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஒருவனின் பிடி நழுவியது. "அடியில் பிடியுங்கள், முகப்பைப் பிடிக்காதீர்கள்," என்று மயில்வாகனம் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

சில நாள் பொலிசில் வைத்திருந்துவிட்டு, தடுப்புக் காவல் என்று கொழும்புப் பக்கம் கொண்டுபோனார்கள். மஹ்மூத் தானாகவே பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். காலையிலிருந்து அவரை வாங்கில் இருத்தி வைத்துவிட்டு, நீயும் அந்த வீட்டுக்குப் போய் என்ன கேட்பாய் என்று கேட்டார்களாம்.

"பாட்டுன்னு சொன்னேன்," என்று திரும்பி வந்து இராஜேஸ்வரியிடம் சொன்னார். "என்ன பாட்டுன்னான். பழைய பாட்டுன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறான். பாட்டுக்கு என்னத்தெ அர்த்தம் சொல்ற தங்கச்சி?" முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் போவேன். கடைய மூடிட்டாவது போவேன்."

ஒவ்வொரு கிழமையும் இராஜேஸ்வரி பொலிசுக்குப் போய், வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டாள். ஒருநாள் விறாந்தையில் காத்திருக்கும்போது உள்ளேயிருந்து பௌத்தப் பிரித் ஓதும் சத்தம் வந்தது. ஆழமான, நடுக்கமில்லாத குரல். அது எந்தச் செற் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எத்தனையோ வருடம் குசினியில் நின்று கேட்ட சத்தம். அடுத்த கிழமை கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. கொஸ்தாப்பல்மார் மேசையைச் சுற்றி நின்று கை தட்டினார்கள்.

சார்ஜன்ட் வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றாள். அவளுடைய சிங்களம் கணவனுடையதைப் போல் ஓடாது.

"மாத்தயா, அது ரேடியோதானே?"

"ரேடியோதான், நோனா. கொழும்பிலிருந்து ஆள் வந்து திறந்து பார்த்துச் சொல்லிவிட்டார்."

"அப்படியென்றால் அவரை விடலாம்தானே?"

"அது எங்கள் கையில் இல்லை. மேலே போய்விட்டது." அவர் சற்று நின்றார். அவள் மனம் குளிரட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "நல்ல சாமான், நோனா. காலையில் போட்டால் அடுத்த நாள் காலைவரை பாடுகிறது. சூடுகூட ஏறாது. இப்படி ஒன்று இனிக் கிடைக்காது."

அவள் கொண்டுவந்த குடையையும் விறாந்தையிலேயே மறந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் போகும் நாட்களில் யாராவது சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டு கழிந்து மயில்வாகனம் திரும்பி வந்தார். வழக்கு எதுவும் போடவில்லை. கண்டிப் பொலிசில் ஒவ்வொரு ஞாயிறும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி விட்டிருந்தார்கள். தோள்கள் ஒடுங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூப்பிட்டால் ஒரு கணம் சுணங்கித் திரும்பினார்.

"அடிச்சவங்களே?" என்று இராஜேஸ்வரி கேட்டாள்.

"தொடக்கத்திலை. செவியடியிலை ஒண்டு. அது பெரிசா ஒண்டுமில்லை."

சில கிழமைகளில் பொலிசார் செற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மஹ்மூத் கடை லொறியில் ஏற்றி வந்து, பழைய இடத்திலேயே வைத்து, வயர்களைக் கொழுவினார். நீல வெளிச்சம் வந்தது. இலங்கை வானொலியில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மயில்வாகனம் தன் கதிரையில் போய் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

பிறகு நெற்றி சுருங்கியது.

"மஹ்மூத், இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யேல்லை."

"வேலை செய்யுதே அண்ணே."

"இல்லை, அந்தப் பக்கம் செத்துப்போச்சு. பொலிசிலை கண்டபடி திருகி உடைச்சுப்போட்டாங்கள்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வந்த நாளிலிருந்து எதற்கும் கோபப்படாத மனிதர். "இருவது வருசமா நான் ஒரு கரகரப்பு வராமல் வைச்சிருந்தது. இவங்களுக்கு ஒரு சாமானை வைச்சிருக்கத் தெரியுமே?"

மஹ்மூத் குனிந்து இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார். அந்தப் பெண் அதற்குள்ளும் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து இராஜேஸ்வரியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பது போல் தலையசைத்தாள்.

"வயர் ஏதும் அறுந்திருக்கும் போல, அண்ணே. நாளைக்குப் பாப்போமே."

"நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே பாக்கலாம்."

மயில்வாகனம் செற்றின் பின்பக்கத்துக்குப் போய் முழங்காலிட்டார். பிழை செற்றிலா ஸ்பீக்கரிலா என்று பிடிப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இடது பக்கத்து வயரைக் கழற்றி வலப் பக்கத்திலும், வலப் பக்கத்து வயரை இடது பக்கத்திலும் மாற்றிக் கொழுவினார். பிழை செற்றில் என்றால் இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையாக வேண்டும். எழுந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

ஊமையாக இருந்தது அதே இடது பக்கம்தான்.

அப்படியென்றால் ஸ்பீக்கர். இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னார். மஹ்மூத் மறுபேச்சில்லாமல் தூக்கி மாற்றி வைத்தார். மயில்வாகனம் மறுபடி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. விளம்பரமும் முடிந்தது. பிறகு வலது கையைத் தூக்கி வலது காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கை இறங்கும்வரை இராஜேஸ்வரி அசையாமல் நின்றாள்.

"செற்றிலை ஒரு பிழையும் இல்லை," என்று அவர் சொன்னார்.

எழுந்துபோய் வயர்களைக் கழற்றி, எது எங்கே இருந்ததோ அங்கேயே ஒழுங்காகக் கொழுவினார். திருகாணிகளை இறுக்கினார். ஸ்பீக்கர்களையும் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டுச் செற்றை நிற்பாட்டினார்.

கண்டி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இடது காதில் சவ்வு மட்டுமல்ல, உள்ளே நரம்பும் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் டொக்டர். அதன் பிறகு செற் ஒருநாளும் போடப்படவில்லை. ஒரு மாதம் போல் பார்த்துவிட்டு மயில்வாகனமே மஹ்மூத்தைக் கூப்பிட்டுக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மஹ்மூத் வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தார்.

"பாவிக்காமல் வைச்சால்தான் பழுதாப் போகும்," என்றார் மயில்வாகனம். "அதுக்கு இன்னும் கனகாலம் இருக்குது."

இப்போது அது இரும்புச் சாமான் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு மேல் தட்டில் இருந்து நாள் முழுவதும் பாடுகிறது. மயில்வாகனம் அந்தப் பக்கம் போவது குறைவு. சாமான் ஏதும் தேவையென்றால் இராஜேஸ்வரிதான் போய் வாங்கி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கையெழுத்துக்காகக் கண்டிக்குப் பஸ் ஏறினார்கள். மழை பிடித்த ஒரு ஞாயிறு, வலப் பக்கத்து யன்னல் சீற் கிடைத்தது. அவர் யன்னலோரம் இருக்க, அவள் அவருக்கு இடது பக்கத்தில் இருந்தாள். பஸ் இரைந்துகொண்டு போனது. ஒன்றரை வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அவள் அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"நான்தானே கம்பியைக் கழட்டச் சொன்னனான். நான் சொல்லாட்டி உங்களுக்கு இப்பிடி வந்திராது."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுவது தோள் அசைந்ததில்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையை முழுதாகத் திருப்பி, வலது காதை அவள் பக்கம் கொண்டுவந்தார்.

"என்ன சொன்னனீர்?"

இன்னொரு தரம் சொல்ல அவளால் முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பேராதனை வந்திட்டுது எண்டனான்," என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, முன் சீற்றின் கம்பியைப் பிடித்தபடி மழையைப் பார்க்கத் திரும்பினார்.