ஒன்பதாம் பொத்தான்

"ஆச்சா?"

"ஆகல."

"காலையிலேர்ந்து ஆகல ஆகலன்னு சொன்னா எப்படி? அப்பா எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பாரு?"

"உங்க அப்பா தினமும் இப்படியேதான் உட்கார்ந்திருக்காரு. நான் ஒண்ணும் கட்டிப் போடல."

டிவி மேஜைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு மருமகள் சொன்ன பதில் இது. கேட்டவன் அவள் புருஷன். ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அங்கே டாக்டர்கள் வந்து கத்தினால் "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். வீட்டில் அந்தப் பொறுமை கிடையாது. லீவு நாளில் சுத்தமாகக் கிடையாது.

எதிரே நாற்காலியில் டைம்கீப்பர். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயரானவர். தெருவிலும் அதுவே பெயராகிப் போனது. டிப்போ மைக் கெட்டுப்போனபோது அதை ரிப்பேர் பண்ண யாரும் மெனக்கெடவில்லையாம். இவர் வாயைத் திறந்தால் கடைசி வண்டியில் தூங்குகிற டிரைவரும் எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான்.

அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. கோபம் வந்தால் துணி படபடக்கும். காலையிலிருந்து அது ஓயவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் மருமகள்தான் போனும் கையுமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, அடிக்கடி என்னென்ன சொல்லுவீங்களோ எல்லாத்தையும் இதுல சொல்லுங்க. பதிஞ்சு வெச்சுக்கிறேன். அப்புறம் பொத்தானை அமுக்கினா உங்க குரல்லயே கேக்கும்."

"நான் எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுவேன்."

"அப்படியே பேசுங்க."

பேசினார். வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. படம், பாட்டு எல்லாம் அதிலிருந்துதான் ஓடும். அதிலேயே அந்தப் பதிவுகளையும் ஏற்றி, ரிமோட்டில் எண்ணுக்கு ஒரு வாக்கியமாக ஒட்டிவைத்தாள். ஒன்றை அழுத்தினால், "ஏய், தண்ணி." இரண்டுக்கு, "ஏய், எங்க போய்த் தொலைஞ்ச?" மூன்று ஃபேனுக்கு. ஐந்து, "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" ஒன்பது, "வாயை மூடு." பூஜ்யத்துக்கு மட்டும் மருமகள் கெஞ்சிக் கூத்தாடி, "நல்லா இருக்கு" என்று சொல்ல வைத்திருந்தாள். மற்ற எண்கள் எல்லாம் விரல் பட்டுப் பட்டு மங்கிப் போயிருந்தன. பூஜ்யம் மட்டும் கடையில் வாங்கிய அன்று போலவே பளிச்சென்று இருந்தது.

முந்தாநாள் மத்தியானத்திலிருந்து எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை.

டைம்கீப்பர் கைத்தடியால் தரையைத் தட்டினார். மடியிலிருந்த சிலேட்டில் எழுதி மகனிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் மருமகள், திரும்பாமல்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்லுன்னு எழுதியிருக்காரு."

"தெரியலன்னா சொல்றேன்."

"நீ போன வாரம் அப்டேட் பண்ண இல்ல, அதுலதான் போயிருக்கு. நல்லா ஓடிட்டிருந்ததை யாரு நோண்டச் சொன்னது?"

"போன வாரம் நோண்டினது முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சே. அது எப்படி?"

இருந்தாலும் உள்ளுக்குள் அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான். அப்டேட் ஆனால் சில சமயம் பழைய செட்டிங் மாறிவிடும். ரிமோட் ஒவ்வொன்றும் ஒரு பாஷையில் பேசும். இந்தப் பாஷையைக் கேள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லிப் பார்த்தாள். எல்லாப் பாஷையையும் கேள் என்றும் சொல்லிப் பார்த்தாள். வேறு ஏதாவது புரோகிராம் ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா என்று தேடி, சந்தேகப்பட்டதையெல்லாம் நிறுத்தினாள். பிறகு டெஸ்ட் புரோகிராமை ஓடவிட்டாள். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வரி விழ வேண்டும்.

"அமுக்குங்க மாமா."

அமுக்கினார். ஒன்றும் விழவில்லை.

"ரிமோட்டே செத்திருக்கும்" என்றான் புருஷன்.

"பேட்டரி புதுசு. இங்க பாருங்க." போன் கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்தாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போன் திரையில் ஊதாப் பொட்டாக மின்னியது. "இது பேசுது. அதுதான் கேக்கல."

"அப்போ ரிசீவர் போச்சு. புதுசு வாங்கிடலாம்."

"எது போச்சுன்னு தெரியாம எதையும் வாங்க மாட்டேன்."

"ஆமா, உனக்கு எல்லாமே பரீட்சை. அப்பா வாய் பேச முடியாம உட்கார்ந்திருக்காரு."

"அவர் வாய் பேசணும்னுதான் நான் தரையில உட்கார்ந்திருக்கேன். நீங்க நின்னுட்டிருக்கீங்க."

சமையலறை வாசலில் மாமியார் முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச் வாருக்கு ஓரம் பூசுகிற வேலை. தோல் கம்பெனியில் செய்துகொண்டிருந்ததை இப்போது கட்டுக் கட்டாக வீட்டுக்கு வாங்கி வந்து செய்கிறாள். மெல்லிய பிரஷ்ஷை மையில் தொட்டு, வெட்டுப்பட்ட ஓரத்தில் ஒரே இழுப்பு. மேலே ஒரு பொட்டு வழியாது. இத்தனை சத்தத்துக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

மருமகள் மறுபடி திரையைப் பார்த்தாள். அவளை உறுத்தியது வேறு. இந்த ரிசீவர் யாரும் ரிமோட்டைத் தொடாதபோதும் டியூப்லைட்டைப் பார்த்து ஏதாவது குப்பையைத் துப்பிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. செத்தது என்றால் கம்ப்யூட்டர் அதை அடையாளமே கண்டிருக்காது. இதுவோ நான் இருக்கிறேன் என்கிறது, ஆனால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது.

டிவிக்கு அடியில் ஒட்டியிருந்த ரிசீவரை வயரோடு பிய்த்து எடுத்தாள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். சாம்பல் நிறக் கூடு, முன்னால் கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல். ரிமோட்டை ஜன்னலில் முட்டுகிற மாதிரி வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. கூட்டின் பின்பக்கம், வயர் நுழைகிற இடுக்கில் வைத்து அழுத்தினாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு வரி.

"முதுகுல கேக்குது" என்றாள் தனக்குத்தானே. "முகத்துல கேக்கல."

ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கறுப்புதான், எப்போதும் கறுப்புதான். ஆனால் இவ்வளவு பளபளப்பு கிடையாது. நகத்தால் சுரண்டினாள். ஓரத்தில் ஒரு கறுப்புச் சுருள் ரப்பர் மாதிரி எழும்பியது. பூசியவர் கை நடுங்காத கை. சாம்பல் கூட்டில் ஒரு பொட்டு வழியவில்லை.

அவள் எழுந்தாள்.

"எங்க போற?" என்றான் புருஷன்.

"தண்ணி குடிக்க. அதுக்கும் சிலேட்ல எழுதிக் குடுக்கணுமா?"

மாமியாரைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் நின்று, "அத்தை, உள்ள வாங்க" என்றாள்.

"மை காஞ்சிடும்."

"இந்த மையா?" உள்ளங்கையில் ரிசீவரை நீட்டினாள்.

மாமியார் திரும்பிப் பார்த்தாள். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா? நாளைக்கு வரைக்குமாவது தாங்கும்னு நெனச்சேன்."

"நீங்கதானா?"

"வேற யாரு? உன் புருஷனுக்குச் சுவர்ல ஆணி அடிக்கவே கை நடுங்கும்."

"இது கண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானேம்மா சொன்ன. 'இந்தக் கண்ணுக்கு முன்னால எதையும் வெச்சு மறைச்சிடாதீங்க அத்தை'ன்னு ரெண்டு தடவை சொன்ன. மறைச்சா என்ன ஆகும்னு அப்பவே புரிஞ்சுது. தைரியம் வரத்தான் நாளாச்சு."

"நான் காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிறேன். உங்க பிள்ளை என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுறாரு. நீங்க முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"என்னை அவங்கப்பா கிழிச்சுத் தொங்கவிட்டப்போ நீ எதைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்த?"

மருமகளுக்கு முகம் சிவந்தது. "வாய் போன மனுஷருக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்தேன். அது தப்பா?"

"அவருக்கு வழி பண்ண. எனக்கு என்ன பண்ண? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கொஞ்ச நாள் இந்த வீடு எப்படி இருந்துச்சு? எழுதினா நான் அவர் பக்கத்துல போய்ப் படிக்கணும். அவரும் காத்திருக்கணும். எழுதச் சோம்பல்பட்டுக்கிட்டுப் பாதி வசவை அவரே முழுங்கிட்டாரு. நான் இந்த வாசல்ல உட்கார்ந்து பிரஷ் இழுக்கிற சத்தத்தை என் காதால கேட்டேன். அப்புறம் நீ உன் பொட்டியைக் கொண்டுவந்து வெச்ச. டாக்டர் அறுத்து எடுத்ததை நீ ஸ்பீக்கர்ல திருப்பிக் குடுத்த. முன்னயாவது கத்திக் கத்தி அவருக்கும் தொண்டை வலிக்கும். இப்போ வலியும் இல்ல. ஒரு விரல் போதும். வாயே இல்லாத மனுஷன் என்னை வாயை மூடுங்கிறாரு, அதுவும் நான் பேசாம இருக்கும்போது."

"திடீர்னு மூச்சு அடைச்சா என்ன பண்ணுவாரு? எப்படிக் கூப்பிடுவாரு? அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். நீ சொல்லு, மூச்சு அடைக்குதுன்னு சொல்ல எந்தப் பொத்தான்?"

அப்படி ஒன்று இல்லை. 'உதவின்னு ஒண்ணு சொல்லுங்க மாமா' என்று அவள் கேட்கத்தான் கேட்டாள். 'அதெல்லாம் எனக்கு வராது' என்று போனைத் தள்ளிவிட்டார்.

"கைத்தடி இருக்கு, தட்டட்டும்" என்றாள் மாமியார். "செத்துப் போகட்டும்னு நான் அடைக்கல. சாப்பாடு குடுக்கிறேன், துணி மாத்துறேன், கழுத்தைத் துடைச்சு விடுறேன். எல்லாம் செய்யறேன். அந்தக் குரலை மட்டும் என்னால கேக்க முடியல."

"எப்படிக் கூப்பிட்டா வருவீங்க?"

"மனுஷியைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டா."

மருமகள் பதிவுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணுகூட இல்ல அத்தை."

"எனக்கே சொல்றியா? கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

ஹாலில் கைத்தடி தட்டியது. "என்ன பண்ற உள்ள?" என்றான் புருஷன். மருமகள் நகத்தால் கறுப்பு முழுவதையும் சுரண்டி எடுத்தாள். மாமியார் தடுக்கவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது.

"சரி, உன் மாமனார்தானே உனக்குப் பெருசு. குடு, போய்க் குடு."

மருமகள் போய், ரிசீவரை டிவிக்கு அடியில் ஒட்டினாள். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டினாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. அமுக்குங்க மாமா."

டைம்கீப்பர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்பதை அழுத்தினார். ஸ்பீக்கரில் டிங் என்று ஒரு மணி அடித்தது. ஒன்றை அழுத்தினார். டிங். ஐந்தை அழுத்தினார். டிங். கழுத்துத் துணி எகிறியது.

"என்னடி இது?" என்றான் புருஷன்.

"மணி. கூப்பிடுறாருன்னு தெரியும், மூச்சு அடைச்சாலும் இது அடிக்கும். என்ன வேணும்னு பக்கத்துல வந்து கேட்டுக்கலாம். நாமளும் எழுந்து போவோம், அத்தை மட்டுமில்ல."

"அப்பா குரலை அழிச்சிட்டியா?"

"அழிக்கல. எடுத்து வெச்சிருக்கேன்."

"அது அவர் குரல். அதை எடுக்க நீ யாரு? போட்டது போட்டபடி போடு."

"அந்தக் கண்ணுல மை பூசினது நான்" என்றாள் மாமியார், சமையலறை வாசலிலிருந்து. "அவளைக் கேக்காத, என்னைக் கேளு. போட்டா மறுபடி பூசுவேன். மை நிறைய இருக்கு."

அவன் அம்மாவையே பார்த்தான். "அது அப்பா குரல்மா. இனிமே வராது."

"உனக்கு வேணும்னா வாங்கிக் காதுல மாட்டிக் கேளு. உன்னையும் வாயை மூடச் சொல்லும்."

டைம்கீப்பர் சிலேட்டில் அழுத்தி அழுத்தி எழுதி, மகனிடம் நீட்டாமல், நேராகத் தன் மனைவியைப் பார்த்துப் பிடித்தார். அவள் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை. "அங்கேர்ந்து எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பிரஷ்ஷை எடுத்தாள். அவர் கை வலிக்கும் வரை பிடித்திருந்தார். பிறகு சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மருமகள் வயர்களைச் சுருட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மணி அடித்தது. மருமகள் எழுந்திருக்கப் போனாள்.

"நீ இரு, எனக்குத்தான்" என்றாள் மாமியார். பிறகு ஹாலைப் பார்த்து, கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள். "கேட்டுது. கையில மை. இந்த ஓரம் முடியட்டும், வரேன்."

பிரஷ் ஓரத்தில் ஊர்ந்தது. ஹாலில் இரண்டாவது தடவை மணி அடிக்கவில்லை.