சரத்துக்கு ஒரு பல்பு

1926, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. மலாயாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பங்களாக் கூடத்தில் இருந்தவர்கள்: துரை, துரைசாணி, ஈப்போவிலிருந்து வந்த இரண்டு துரைமார், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெத்தபெருமாள், கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்திய சவுக்கு மரத்துக்குப் பின்னால் தண்ணீர் வாளியோடு சன்னாசி. மரம் தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டுமே. தோட்டத்து டைனமோவை ஓட்டுபவனும் அவன்தான்.

அவன் பெண்டாட்டி ராக்காயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மத்தியானம் ரப்பர் தகடு போடும் உருளையில் அவள் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அங்கே டாக்டர் இல்லை, காயத்துக்குக் கட்டுப்போடும் டிரேசர்தான்.

மரத்தில் நாலு சரம் கலர் பல்புகள். அவை எடுப்பாகத் தெரியப் பங்களாவின் மற்ற விளக்குகளை அணைத்திருந்தார்கள். காலையில் கட்டும்போதே சன்னாசியிடம் துரை சொல்லியிருந்தார்: "ஒண்ணு லூசானா அந்தச் சரமே அணைஞ்சிடும். பாத்துக் கட்டு."

ஆஸ்பத்திரி ஆயா வீரம்மா பின்வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அங்க விளக்கு சிவந்துபோய் மினுங்குது. டிரேசர் மயக்கமருந்து குடுத்திட்டாரு. கிட்ட லாந்தர் கொண்டாந்தா அந்த மருந்து பத்திக்குமாம். வெளிச்சம் இருந்தா தைக்கிறாராம். இல்லாட்டி ரெண்டு விரலையும் எடுத்துடுவாராம்."

மரத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துத் தாங்க அந்தச் சின்ன டைனமோவால் முடியாது. சன்னாசி கிராணியிடம் போனான்.

"அரை மணி நேரம் மரத்த அணைக்கலாமான்னு தொரைகிட்டக் கேளுங்கய்யா."

கிராணி துரையின் காதில் சொன்னார். "சாப்பாடு முடியட்டும்" என்றார் துரை. கெட்ட மனிதர் இல்லை. விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சன்னாசி மரத்துக்குப் பின்னால் திரும்பிப் போனான். அவன் கை நாலு தடவை கிளைகளுக்குள் போய் வந்தது. சரத்துக்கு ஒரு பல்பைத் தளர்த்தினான். மரம் இருண்டது.

துரைசாணி மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னாள். கெட்டுப்போன பல்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சன்னாசியிடமே மாற்று பல்பைக் கொடுத்தார் துரை. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்று பல்பைப் போட்டு, எடுத்து, பழையதைத் திருகினான். மெழுகுவத்தியைப் பிடித்திருந்த கிராணி குனிந்தார்.

"ஏண்டா, நல்ல பல்பையே சுத்திச் சுத்தி வர்றியே?"

"நீங்க மெழுகுவத்தியப் பிடிங்கய்யா."

"என் கையும் சுடுதுடா."

"டேய், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று துரை கத்தினார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தொரை."

துரையும் விருந்தாளிகளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்குத் திரும்பியபோது வீரம்மா மறுபடி வந்தாள்.

"தச்சாச்சுண்ணே. ரெண்டு விரலும் இருக்கு."

சன்னாசிக்கு அதற்குமேல் நடிக்க வரவில்லை. நேராக நாலு பல்புகளிடம் போனான். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. மரம் மறுபடி ஒளிர்ந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். துரை தட்டவில்லை. தேடாமலே போன அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கு ஆள் எண்ணும் அடுத்த பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டபோது சன்னாசியின் பெயர் வரவில்லை. டைனமோ அறையில் இருந்த தன் சோற்றுத் தூக்கை எடுக்கப் போனான். கிராணி சாவியோடு நின்றார்.

"அவ கை எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு. விரல் அசையுது."

அவன் வெளியே வந்தான். பின்னால் கிராணி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.