புது வண்டியின் சாவி

விடிந்தும் விடியாத நேரத்தில் லூர்து ஜெனரேட்டர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். தரையில் படிந்த நிலக்கரித் தூள் முதுகில் அரைபட்டது. அச்சிலிருந்து துருச்செதில்கள் கண்ணில் விழுந்தன. அதெல்லாம் பழகிப்போனதுதான். பொறுக்க முடியாதது மேலே இருந்தது. டிரெய்லரை இழுக்கும் வண்டியின் புது சீட்டில் சுஃபியான் உட்கார்ந்திருந்தான்.

அந்தத் திருவொற்றியூர் யார்டுக்கு வந்த முதல் புது வண்டி அது. ஏசி உண்டு, டிரெய்லர் சக்கரங்களைக் கரண்டாலேயே பிடித்து நிறுத்தும் கைப்பிடியும் உண்டு. பதினைந்து வருஷமாக ஓட்டை வண்டியை ஓட்டி, பழுதும் பார்த்து மல்லுக்கட்டியவன் லூர்து. முதலாளி சங்கரநாராயணனோ, நேற்று வந்த சுஃபியானிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து லூர்துக்குச் சோறு இறங்கவில்லை. டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை என்று இன்று சுஃபியான் வந்து நின்றபோது, சொல்ல வெட்கம்தான், உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

வண்டிப் பக்கத்துப் பிளக்கில் டெஸ்ட் பல்பு எரிந்தது; அதுவரை கரண்ட் வருகிறது. கோளாறு டிரெய்லரில்தான். உப்புக்காற்றுக்குப் பயந்து பிளக்கில் கிரீஸ் அப்புவது அந்த யார்டு வழக்கம். அதில் கரித்தூள் ஒட்டி, கட்டியாகி, டிரெய்லர் பிளக்கின் பித்தளைப் பின்களை மறைத்திருந்தது. துடைத்தான். எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டினான்.

"இப்ப அழுத்துடா!"

ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிவிட்ட வலது சக்கரம் சட்டென்று நின்றது. இடது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உள்ள ஒயரு அறுந்துகீது," என்றான் லூர்து. "சக்கரத்தக் கழட்டணும். மத்தியானம் ஆவும்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "வள்ளூர்ல ஜெனரேட்டருக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு சக்கரம் பிடிக்குதில்ல? கிளம்பு."

"ஒரு பக்கம் மட்டும் புட்ச்சா டிரெய்லரு திரும்பிக்கும் மொதலாளி," என்றான் சுஃபியான். "பக்கத்துலயே கன்டெய்னர் லாரிங்கோ வந்துகினு இருக்கும். நான் எடுக்க மாட்டேன்."

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குப் புது வண்டி?" சாவியைப் பிடுங்கி லூர்துவிடம் நீட்டினார். "நீ எடு. இனிமே இது உன் வண்டி."

ஒருவன் மறுத்தால் வரிசையில் அடுத்தவன் எடுப்பான். அந்த வழக்கத்தை வைத்தே முதலாளி இத்தனை காலம் காரியம் சாதித்தார்.

லூர்து சாவியை வாங்கிக்கொண்டான். சுஃபியானின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்க்க லூர்துக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்குத் தான் மறுத்தால் இதே சாவி அடுத்த வண்டியை ஓட்டும் நோயலிடம் போகும். எவனாவது ஒருவன் சாலையில் சாகும்வரை கைமாறிக்கொண்டே இருக்கும். அது உறைத்ததும் சாவியை பானெட்டின்மேல் வைத்தான்.

"நானும் எடுக்கல."

"நோயல்!" என்று கத்தினார் முதலாளி.

நோயல் தன் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். "அத்த சரிபண்ணாம எவனும் எடுக்க மாட்டோம்." அவன் பின்னால் மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"வெளியாளைக் கூப்பிடுறேன். உங்க எல்லாருக்கும் கேட்டைச் சாத்துறேன்!" முதலாளி போனைக் காதில் வைத்தபடி ஆபீசுக்குள் போனார். செய்யக்கூடியவர்தான்.

யாரும் கலைந்துபோகவில்லை. நோயல் ஸ்பானர்களைக் கொண்டுவந்து போட்டான். சுஃபியான் இடது சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான்.

"ரொம்ப டாங்ஸ்ண்ணே."

"டாங்ஸ் இன்னாத்துக்கு? இன்னமும் எனக்கு வவுறு எரியுது. அந்த வண்டி எனக்கு வோணும்டா." லூர்து ஸ்பானரை நட்டில் மாட்டினான். "பிரேக்கோட வோணும். புடி, கழட்டலாம்."