டெல்ஃபிம் வந்த சுற்று

முதல் மோதலில் பச்சைக் குல்லாய் ஒரு பக்கம் போனது, டெல்ஃபிம் ஒரு பக்கம் போனான். மைதான மணலில் மல்லாந்து விழுந்தவன் எழுவதற்குள் காளை திரும்பி வந்து தொடையில் மிதித்துவிட்டுப் போயிற்று. மற்ற ஏழு பேரும் கூச்சல் போட்டுக் கையை வீசி அதை அந்தப் பக்கம் இழுத்தார்கள்.

எட்டுப் பேர் ஒருவன் பின்னால் ஒருவனாக நிற்கும் வேலை இது. கையில் கம்பு கத்தி எதுவும் கிடையாது. கொம்புகளுக்குத் தோலுறை போட்டிருப்பார்கள், அது ஒன்றுதான் சலுகை. முன்னால் நிற்பவன் காளையைக் கூப்பிட வேண்டும். அது பாய்ந்து வரும்போது பின்வாங்கிக்கொண்டே வயிற்றில் வாங்கி, கொம்புகளுக்கு நடுவில் புகுந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர்கள் வந்து விழுந்து காளையை நிறுத்துவார்கள். நன்றாகப் பிடித்தவன் கைத்தட்டலோடு மைதானத்தை ஒரு சுற்று வருவான்.

அந்தச் சுற்றுக்காகத்தான் டெல்ஃபிம் உயிரை வைத்துக்கொண்டிருந்தான். சொந்த ஊர் மைதானத்தில், அக்கா கிராசா பார்த்திருக்க, ஒரே ஒரு முறை. வருடக்கணக்கில் அவனுக்கு வரிசையின் வால் பக்கம்தான் கிடைத்தது. குழுத் தலைவர் பால்தசாருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்று காப்பிக் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தலைவருக்கு ஆகாதது அவன் பயிற்சி. குளிர்காலம் முழுக்க ஒற்றைச் சக்கர வண்டியில் கொம்பு கட்டி ஒருவன் தள்ளிக்கொண்டு ஓடிவர, மற்றவன் அதை வயிற்றில் வாங்கிப் பழக வேண்டும். மழை என்றால் டெல்ஃபிம் வரமாட்டான். மழை இல்லையென்றால் இடுப்பு வலிக்கும். வந்த நாளிலும் நாலு தடவை வாங்குவதற்குள் சிகரெட் பிடிக்க ஒதுங்கிவிடுவான். வண்டி தள்ளியவன் அக்கா புருஷன் ஒலாவோ. அவன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"மாப்ள, கொம்பு தொடுறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிற. மூஞ்சியும் திரும்பிருது."

"நான் எங்க மூடுனேன்? நீ கோணலா தள்ளுற மச்சான். மரக்கட்டைக்கெல்லாம் நான் எதுக்கு மெனக்கெடணும்? நெஜக் காளையக் கொண்டா, அப்பப் பாரு."

அன்று மாலையே கடையில் வறுத்த மத்தி மீனைக் கடித்துக்கொண்டு, எலும்பு நொறுங்கப் பயிற்சி எடுப்பதாக அளந்தான். அளந்தால்கூடப் போகிறது. சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான் என்பதுதான் எரிச்சல்.

இன்றைக்கு முன்னால் நிற்க வேண்டியவனுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கிராசா புருஷனை நச்சரித்தாள், ஒலாவோ தலைவரிடம் சிபாரிசுக்குப் போனான். மைத்துனன் முதுகுக்குப் பின்னால் தான் நிற்பதாகவும், என்ன வந்தாலும் பார்த்துக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்துத்தான் இந்த இடத்தை வாங்கித் தந்தான்.

இரண்டாவது மோதலில் டெல்ஃபிமின் கையில் ஒரு கொம்பு சிக்கியது. காளை அவனைத் தரதரவென்று இழுத்துப்போய், தலையை ஒரு உதறு உதறித் தடுப்புப் பலகையில் அடித்தது. விலாவில் ஏதோ சுளீரென்றது. மேலே உட்கார்ந்திருந்த கூட்டம் 'உஸ்' என்று மூச்சை இழுத்தது.

பால்தசார் வந்து அவன் தோளைப் பிடித்தார். "வேற ஆள விடவா?"

"வேணாம் தலைவரே. காளை கோணக் காளை. வெயிலும் நேரா கண்ணுல அடிக்குது."

தலைவர் திரும்பிப் பார்த்தார். சூரியன் டெல்ஃபிமின் முதுகுப் பக்கம் இருந்தது. அவர் மற்றவர்களை நெருக்கமாக நிற்கச் சொன்னார்.

மூன்றாவது முறை காளையைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அதுவே வந்தது. மூக்கிலிருந்து சளி பறந்தது வரைக்கும் டெல்ஃபிம் பார்த்தான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. இருட்டுக்குள் வயிற்றில் இடி விழுந்தது, காற்றெல்லாம் வெளியே போய்விட்டது, கைகள் வழுக்கின. விழப்போகிறோம் என்று தெரிந்த அந்த நொடியில் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவனையும் காளையின் கழுத்தையும் சேர்த்து இறுக்கிப் பூட்டின. ஒலாவோ.

காளை வெறிகொண்டு தலையை ஆட்டியது. டெல்ஃபிமின் அக்குளுக்கு அடியில் நுழைந்த கொம்பு மேலே எழும்பி ஒலாவோவின் தாடையில் மோதியது. ஒரு தடவை அல்ல, கை விடுகிற வரைக்கும் விடமாட்டேன் என்பதுபோல மறுபடி மறுபடி. சூடாக ரத்தம் டெல்ஃபிமின் உச்சந்தலையில் கொட்டி முகமெல்லாம் வழிந்தது. அந்தக் கைகள் விடவில்லை. மொத்தக் கூட்டத்தையும் தள்ளிக்கொண்டு போய்க் காளை தடுப்பில் மோதியபோது, நடுவில் இருந்தது ஒலாவோவின் முதுகு. பலகை உடைந்துவிட்டது என்று டெல்ஃபிம் நினைத்தான். உடைந்தது பலகை அல்ல. மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்க, காளை பெருமூச்சோடு நின்றது.

மைதானமே எழுந்து கத்தியது. ரத்தத்தில் குளித்து நின்ற டெல்ஃபிமைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். ஒலாவோ தானாக எழுந்து கொஞ்ச தூரம் நடந்து முழங்கால் மடங்கி விழுந்ததையும், இருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வைத்திய அறைக்கு ஓடியதையும் யாரும் கவனிக்கவில்லை. பாண்டு வாத்தியம் முழங்க ஆரம்பித்திருந்தது.

பால்தசார் குல்லாயை மணல் தட்டி நீட்டினார். "சுத்தி வர்றதும் வராததும் உன் இஷ்டம். நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அதுதான் வழக்கம். பிடித்தது சரியில்லை என்று மனசுக்குப் பட்டால், தலையை ஆட்டிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விடலாம். அப்படிப் போனவர்கள் பலர் உண்டு, அவர்களை ஊர் மதித்தே பேசும்.

டெல்ஃபிம் குல்லாயை வாங்கிக்கொண்டு நடந்தான்.

பூக்கள் விழுந்தன, தொப்பிகள் விழுந்தன. தொப்பிகளை எடுத்துத் திருப்பி எறிந்தான். கை நழுவியது உண்மைதான், அதைச் சரிக்கட்டத்தானே பின்னால் ஆள் நிற்பது என்று முதல் சில அடிகளில் நினைத்துக்கொண்டான். பாதிச் சுற்றில் கை அவ்வளவாக நழுவவில்லை என்று தோன்றியது. சுற்று முடியும்போது நழுவவே இல்லை.

வாசலில் கிராசா ஈரத் துணியோடு நின்றாள். கூட்டம் எழுந்து மறைத்ததில் அவள் பாதிதான் பார்த்திருந்தாள். தம்பியின் தலையைப் பிடித்துத் துடைத்தாள். நெற்றி, புருவம், மூக்கு, கன்னம். துடைக்கத் துடைக்க முகம் சுத்தமாக வந்தது. ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு தடவையும் திருப்பிக்கொண்ட முகத்தில் கீறல் எங்கிருந்து வரும்?

"எங்கடா அடி? காயத்தக் காணோமே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது யாரு ரத்தம்?"

"மச்சானோடது."

அவள் கை நின்றது. வைத்திய அறைக் கதவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். "அவரு பின்னாடிதான நின்னாரு? முன்னாடி நின்னவன் நீதான?"

கோணக் காளை, வெயில், மணல், இடுப்பு எல்லாம் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தன. அக்காவின் கையில் சிவந்து கிடந்த துணியைப் பார்த்தான்.

"கண்ண மூடிட்டேன்க்கா. அவரு அப்பவே சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் மூடுனேன்."

கிராசா துணியை அவன் கையில் திணித்துவிட்டுப் புருஷனிடம் ஓடினாள். வெளியே கூட்டம் இன்னும் அவன் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.