கயிறு கட்டாமல் ஒரு ஏற்றம்

என் ஜீப்பை ஒரு நத்தை முந்திக்கொண்டு போயிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். மகள் வீட்டுக்குப் போகிற மலைப்பாதையின் கடைசி வளைவில், நான் முதல் கியரில் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பாறையோரமாக அது பாட்டுக்குப் போனது. போகிற போக்கில் திரும்பி ஒரு பார்வை வேறு. நத்தையைக்கூட மன்னித்துவிட்டேன். சம்பந்தியைத்தான் முடியவில்லை.

மருமகனுக்கு மலையுச்சியில் இருக்கிற ஒலிபரப்புக் கோபுரத்தில் வேலை. கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வீடும் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீட்டாருக்கும் அங்கேதான் சாப்பாடு. சம்பந்தி புதுக் காரில் வெண்ணெயில் கத்தி போல ஏறிவிடுவார். ஒரு ஞாயிறு எங்கள் ஜீப் கடைசி வளைவில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. அவர் மேலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். கையில் ஒரு நீல நைலான் கயிறு. அதைக் கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனார். அதோடு விட்டாரா? மருமகனை வீடியோ எடுக்கவைத்து, சாப்பிடும்போது ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நீட்டி, "பாருங்க, பாருங்க, இங்கதான் சம்பந்தி முகத்தைப் பார்க்கணும்" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி தீர்ப்பு சொன்னாள்.

"இன்னொரு தடவை என்னைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனாங்கன்னா, மறுநாளே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு இந்தச் சக்களத்தியைத் தூக்கிக் கொடுத்துடுவேன். அவன் நம்பர் வாங்கி வெச்சாச்சு."

"உன்னையா இழுத்தாங்க? ஜீப்பைத்தானே இழுத்தாங்க?"

"நான் எங்க உட்கார்ந்திருந்தேன்? மரத்து மேலயா?"

என் மனைவி சொன்னால் செய்வாள். ஜீப் போய்விட்டால் எனக்கு மிச்சமிருப்பது ஹால்தான். நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை ஏறி இறங்கிய உயரத்தையெல்லாம் கூட்டினால், நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு மீதிச் சில்லறையோடு திரும்பியிருக்கலாம். அப்படிப்பட்ட ஆளை ஒரு சோபாவில் உட்காரச் சொன்னால்? உட்கார்ந்த சூட்டோடு எழுந்துவிடுவேன். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை. சமையலறையில் டப்பாக்களின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று சோதிப்பேன். "டைல்ஸ் தேயுது, கொஞ்சம் வெளிய போய் நடங்களேன்" என்பாள். வெளியே போக எனக்கிருந்த ஒரே சாக்கு அந்த ஜீப்.

அன்றே மச்சினனைப் பார்க்கப் போனேன். மனைவியின் தம்பி. டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறான். வாழ்நாள் முழுக்க ஓடுகிற இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று பேசியவனாதலால், ரகசியத்தைக்கூட பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வான். ஜீப்பைச் சுற்றி வந்தான். இஞ்சினை உறுமவிட்டுக் கேட்டான்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு அத்தான். மூச்சுதான் பத்தல. டர்போ மாட்டிடுவோம்."

"இந்த வயசுலயா?"

"உங்களுக்கில்ல. ஜீப்புக்கு."

விஷயம் எளிது. வீணாக வெளியே போகிற புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாயவிட வேண்டும். அது சுழலும். அதே தண்டில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசலும் கூட்டலாம், டீசல் கூடினால் பலம் கூடும். காற்றைவிட டீசல் அதிகமாகிவிட்டால் மட்டும் கரும்புகை கக்கும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் மெழுகுவத்தி மாதிரி உருகிவிடும். பட்டறை மூலையில், நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து கழற்றிய டர்போ கிடந்தது. தூசியைத் தட்டிக் கையில் கொடுத்தான். அச்சு அசல் நத்தை! என்னை முந்தியவனின் பெரியப்பா போல இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. விடிந்தால் பட்டறை வாசலில் நிற்பேன். அவன் பல் தேய்த்துக்கொண்டே ஷட்டரைத் திறப்பான். டர்போவை உட்கார வைக்க ஒரு தடித்த இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, வெல்டு வைத்தான். "ஆச்சா? ஆச்சா?" என்று நான் கேட்ட கேள்வியில் அவன் வெல்டிங் கண்ணாடியே விரிசல் விட்டுவிட்டது. அப்புறம் ஆயில் குழாய்கள். டர்போ சுழலுகிற வேகத்துக்கு அதன் தண்டுக்கு எந்நேரமும் ஆயில் வேண்டும். வந்த ஆயில் கீழே இஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு வடிந்தாக வேண்டும். வடிகுழாயை அவன் ஒரு இடத்தில் மேல்நோக்கி வளைத்து மாட்டியிருந்தான்.

"மாப்ளே, ஆயில் எப்படி மேல ஏறும்? அதுக்கு லிஃப்ட் கிடையாதே."

"நீங்க சும்மா உட்காருங்க அத்தான்" என்று கத்தினான். ஆனால் குழாயைக் கழற்றிச் சரிவாக மாட்டினான்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டர்கள் வைத்தோம். ஒன்று காற்றழுத்தத்துக்கு, இன்னொன்று புகையின் சூட்டுக்கு. சூட்டு மீட்டரில் தாண்டக்கூடாத இடத்தில் என் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். கேட்டு எடுத்தேனா என்று யாரும் விசாரிக்க வேண்டாம்.

அடுத்தது டியூனிங். டீசல் பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் டீசல் கூடும். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் அத்தான், பேராசை கூடாது" என்று மச்சினன் ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். எனக்குக் கை சும்மா இருக்குமா? அவன் திரும்பி வருவதற்குள் தெருவைக் காணோம். கரும்புகை! மூன்றாவது மாடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையெல்லாம் வக்கீல் கோட்டாகிவிட்டது. எதிர்வீட்டு நாய் தன் வாலையே அடையாளம் தெரியாமல் குரைத்தது. மச்சினன் இருமிக்கொண்டே ஓடி வந்து ஸ்பேனரைப் பிடுங்கி, ஸ்க்ரூவைப் பின்னால் திருகினான். அதற்கப்புறம் ஸ்பேனர் அவன் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

சனிக்கிழமை சோதனை ஓட்டம். இங்கேதான் என் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. லிஃப்டைச் சோதிக்கும்போது காலியாக ஓட்டிப் பார்க்க மாட்டோம். ஏற்றப்போகிற ஆட்களின் எடை, அதற்கு மேல் இன்னும் கால் பங்கு, அவ்வளவையும் உள்ளே வைத்துத்தான் ஓட்டுவோம்.

"இது என்ன லிஃப்டா?" என்றான்.

"ஏறுறது எல்லாமே லிஃப்ட்தான் மாப்ளே. மணல் மூட்டை கொண்டா."

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கேட்டு வாங்கி, பின் சீட்டுக்குப் பின்னால் அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேட்டில் ஏற்றினோம். முதலில் வழக்கமான முனகல். அப்புறம் மெல்ல ஒரு விசில் கிளம்பியது. காற்று மீட்டர் முள் எழுந்தது. யாரோ பின்னாலிருந்து தோள் கொடுத்த மாதிரி ஜீப் எழும்பிப் போனது பாருங்கள், என் மூக்குக்கண்ணாடி பின் சீட்டில் போய் விழுந்தது! உச்சிக்குப் போய்ப் பார்த்தால் சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. இரண்டு பேரும் மேட்டு மேல் நின்று ஆடினோம். அவன் பட்டறைக்குப் போனான், நான் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை நான் குட்டி போட்ட பூனையாக ஜீப்பைச் சுற்றினேன். பானெட்டைத் திறப்பேன், குழாயைத் தொட்டுப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். மனைவி மகளுக்கென்று எடுத்து வைத்த பாத்திரங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தாள். மச்சினன் கடைசியில் ஓடி வந்து பின் சீட்டில் தாவினான்.

அடிவாரம் தாண்டியதும் விசில் பிடித்தது. ஒவ்வொரு வளைவாக விழுங்கிக்கொண்டு ஏறினோம். ஒரு லாரியை முந்தினேன். லாரிக்காரர் கீழே இறங்கித் தன் வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தார். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றாள். ஆனால் குரலில் கோபம் இல்லை.

தொட்டி மேடு குட்டை. மலை நீளம். மேலே போகப் போகச் சூட்டு முள் நகர்ந்துகொண்டே வந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"என்னங்க, இது என் நெயில் பாலிஷ்தானே?"

"அது அப்புறம் பேசலாம்."

"முள்ளு அதைத் தொடுதே."

"அத்தான், காலை எடுங்க!" மச்சினன் போட்ட சத்தத்தில் மலையின் மறுபக்கத்துக்காரர்கள்கூடக் காலை எடுத்திருப்பார்கள்.

கடைசி வளைவு. மேலே மகள் வீட்டு ஓடு தெரிகிறது. வீட்டு முன்னால் சம்பந்தி நிற்கிறார். கையில் நீலமாக ஏதோ தொங்குகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், அவர் மூக்குக்கு முன்னால் போய் நின்றுவிடலாம். பிஸ்டன் உருகினாலும் உருகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. கால் அழுத்தத்தான் துடித்தது. ஆனால் உருகிய இஞ்சினை வைத்துக்கொண்டு நாளை எங்கே போவது? காலை எடுத்துவிட்டேன்.

ஜீப் நின்றது. அதே இடம். அதே பாறை.

கைப்பிரேக்கை இழுத்தேன். இஞ்சினை அணைக்கக்கூடாது. அணைத்தால் ஆயில் நின்று, கொதிக்கிற டர்போ தண்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். சும்மா ஓடவிட்டு, முள் இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். நான்! காத்திருக்க வேண்டும்! தொடை தாளம் போட்டது. முள் அசைவேனா என்றது. சம்பந்தி கயிற்றைச் சுழற்றிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

பின் சக்கரத்துக்குக் கல் வைக்க மச்சினன் இறங்கினான். தார்ப்பாய் ஓரம் அவிழ்ந்து தொங்கியிருக்க வேண்டும். அடுத்த நொடி அவன் குரல் கேட்டது.

"அத்தான்! மூட்டையை இறக்கலையா நீங்க?"

"நீ இறக்கலையா?"

"நான் எதுக்கு இறக்கணும்? உங்க டெஸ்ட்டு, உங்க மூட்டை!"

முப்பது வருஷப் பழக்கம் அது. சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கிளம்பிவிடுவேன். எடையை இறக்குவது எப்போதும் கட்டடக்காரர்கள் வேலை. மனைவி இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

"நான் உங்க வண்டிச் சாமான்னு நெனச்சு மேல பாத்திரத்தை வேற அடுக்கினேன். ஒரு வாரமா மூச்சு பத்தல, மூச்சு பத்தலன்னு ரெண்டு பேரும் கூத்தடிச்சிட்டு, இப்ப அது நெஞ்சு மேல மணல் மூட்டையா வெச்சிருக்கீங்க?"

அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். "என்ன சம்பந்தி, பழைய இடத்துலயேவா? கவலையை விடுங்க, நானிருக்கேன்" என்று கயிறு மாட்ட, குனிந்து ஜீப்பின் முன் கொக்கியைத் தேடினார்.

கொக்கியைக் காணோம். அதன் முன்னால் என் மனைவி நின்றிருந்தாள்.

"கயித்தை எடுத்துட்டுப் போய் துணி காயப்போடுங்க சம்பந்தி."

"ஒரு நிமிஷ வேலைம்மா..."

"மூட்டை தூக்குறதும் ஒரு நிமிஷ வேலைதான். தோளைக் கொடுங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு சம்பந்தி மணல் மூட்டை சுமந்த அழகு இருக்கிறதே! ஒவ்வொன்றையும் பாறையோரம் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் ஒரு சாண் குட்டையாகியிருந்தார். வீடியோ எடுக்கத்தான் யாருக்கும் கை காலியாக இல்லை. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக இறங்கியது.

"நீ நடந்து வந்துடும்மா. கனம் குறையும்" என்றேன் மனைவியிடம்.

"இழுத்தப்ப உள்ள இருந்தேன். ஏறினாலும் உள்ளதான் இருப்பேன்." கதவை அறைந்து சாத்தினாள்.

நின்ற இடத்திலிருந்து செங்குத்தில் கிளப்புவதுதான் கஷ்டம். இஞ்சின் வேகம் ஏறினால்தான் நத்தை விழிக்கும், அதுவரை பழைய கிழட்டு ஜீப்தான். கிளட்சை விட்டேன். சக்கரம் சரளையில் சறுக்கியது. ஜீப் ஒரு கணம் பின்னால் நழுவியது. என் உயிர் அதற்கு முன்னாலேயே அடிவாரத்துக்குப் போய்விட்டது. மனைவி என் தோளைப் பிடித்தாள். இஞ்சின் முனகியது, முனகியது, பிறகு எங்கிருந்தோ அந்த விசில். ஜீப் மண்ணைக் கடித்துக்கொண்டு மேலே தாவியது. கண்ணாடியில் பார்த்தேன். சம்பந்தி கயிற்றோடு சின்னப் பொம்மையாகிக்கொண்டிருந்தார். மச்சினன் அவர் பக்கத்தில் நின்று கை தட்டியது இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

வீட்டு முன்னால் நிறுத்தினேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா! கயிறில்லாமலா? அம்மா, இறங்கும்மா, சாப்பாடு ஆறுது."

மனைவி இறங்கவில்லை. முள்ளைப் பார்த்தாள். கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது. பிறகு கோபுரத்துக்குப் பின்னால் வளைந்து மறைகிற மண்பாதையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அங்கே ஒரு பாதை இருப்பதை நாங்கள் இருவரும் கவனித்ததே இல்லை.

"அது எங்கங்க போகுது?"

"தெரியலையே."

"பழைய இரும்புக்காரனுக்கு வர வேண்டாம்னு சொல்லணும்" என்றாள், பாலுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி. நான் சாவியை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அணைக்காதீங்க. ஓட்டுங்க, பார்த்துட்டு வந்துடலாம்."